ஊருக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு குணம்

வறுமை காப்பாற்றி வைத்ததை வளம் காப்பாற்றுமா? இத்தாலியப் பிரதேச ஒயின்களின் அரை நூற்றாண்டுக் கதை

1983-ஆம் வருஷம். வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே பிரதேசத்தில், லாங்கே குன்றுகளின்மேல் அமைந்த லா மோர்ரா என்னும் சிற்றூரின் நிலவறை ஒன்றிலிருந்து யந்திர ரம்பத்தின் ஓலம் எழுந்தது. ரம்பத்தைப் பிடித்திருந்தவர் எலியோ அல்தாரே என்ற குடியானவர். ரம்பத்துக்கு இரையானவையோ, அவருடைய தகப்பனார் ஆண்டாண்டாக ஒயினை ஊற்றி வைத்துப் பக்குவப்படுத்தி வந்த பெரிய மரப்பீப்பாய்கள். பரம்பரை உழவன் ஒருவன் தன் வீட்டு ஏரை முறித்து அடுப்பில் வைப்பதற்குச் சமமான காரியம் அது. தகப்பனாரின் மனம் பொறுக்கவில்லை. மகனைச் சொத்துரிமையிலிருந்தே விலக்கிவிட்டார்.

மகனுடைய ஆவேசத்துக்கும் காரணம் இருந்தது. 1976-இல் அவர் எல்லை கடந்து பிரான்ஸின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தபோது, தம்மைப் போலவே சொற்ப நிலம் உடைய குடியானவர்கள் அங்கே கௌரவமாக வாழ்வதையும், அவர்களுடைய நிலவறைகள் சுத்தமாக இருப்பதையும், அவர்களுடைய ஒயினுக்கு உலகச் சந்தை கேட்ட விலை கொடுப்பதையும் கண்டார். லாங்கேயிலோ, ஆல்பா நகரத்துச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி, தரகர் சொன்ன விலைக்குக் குலைகளைத் தள்ளிவிட்டு வீடு திரும்புவதே பெரும்பாலோரின் வழக்கம். பிள்ளைகள் ஆல்பாவின் ஃபெரேரோ மிட்டாய் ஆலையையும், டூரினின் ஃபியட் கார்த் தொழிற்சாலையையும் நாடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று ஆள் இன்றிக் கிடந்த அதே சரிவுகளில், நல்ல திசை நோக்கிய ஒரு ஹெக்டேர் நிலம் இன்று பத்து லட்சம் யூரோவையும் தாண்டி விலைபோகிறது. இந்த ஏற்றம் எப்படி வந்தது, அதற்காக இத்தாலி எதைக் கொடுத்தது, இனி எதைக் கொடுக்க நேரும் என்பவையே இங்கே நாம் விசாரிக்கப் புகும் விஷயங்கள்.

ஒரு தேசத்துள் இருபது தேசங்கள்

தென் இத்தாலியில் குடியேறிய பண்டைக் கிரேக்கர் அந்நாட்டை ஒயினோத்ரியா என்று அழைத்தார்கள். கொம்பு நாட்டிக் கொடி படரவிட்ட நாடு என்று அதற்குப் பொருள் சொல்வர். இன்றைய இத்தாலியின் 20 பிரதேசங்களில் ஒயின் செய்யாத பிரதேசம் ஒன்றுகூட இல்லை. அங்கே சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஒயின்-திராட்சை ரகங்கள் மட்டும் 350-க்கு மேல். உலகில் வேறெந்த நாடும் இத்தனை ரகங்களை வியாபாரத்துக்குரிய ஒயினாக்குவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்பன்மையை யாரும் திட்டமிட்டுப் பேணி வளர்த்ததில்லை. நாட்டின் முதுகெலும்பாக நீளும் அப்பெனைன் மலைத்தொடர் ஒரு பள்ளத்தாக்கை அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பிரித்தது. 1861-இல் ஒரே ராஜ்யமாக ஒன்றுபடும் வரையில் பற்பல சிற்றரசுகளும் போப்பரசும் அந்நிய ஆட்சிகளுமாகத் துண்டுபட்டிருந்த நாட்டில், ஒவ்வொரு சீமையும் தன் பேச்சுவழக்கைப் போலவே தன் கொடியையும் தனக்கென வைத்துக்கொண்டது. வெளியூர் நாற்றை விலைக்கு வாங்கக் குடியானவனிடம் காசு இல்லை. ஆகவே பாட்டன் நட்ட கொடியின் குச்சியையே பேரனும் வெட்டி நட்டான். ரசனை செய்த காரியம் அன்று இது. பிரிவினையும் வறுமையும் சேர்ந்து, தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, ஒரு பெரும் பொக்கிஷத்தைக் காத்துக் கொடுத்தன.

பெட்டிச் செய்தி: சட்டம் ஏறிய படிகள்

• 1716: தஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி, கியாந்தி, கர்மின்யானோ, பொமீனோ, மேல் வால்தார்னோ ஆகிய பகுதிகளின் எல்லைகளை ஆணையிட்டு வரையறுக்கிறார்.

• 1963: இடப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் டி.ஓ.சி. முறை. முதல் அங்கீகாரம் 1966-இல் சான் ஜிமின்யானோ நகரத்தின் வெர்னாச்சா என்னும் வெள்ளை ஒயினுக்கு.

• 1980: அதற்கும் மேலான டி.ஓ.சி.ஜி. தகுதி, பரோலோ, பார்பரெஸ்கோ, புருனெல்லோ முதலிய ஒயின்களுக்குக் கிடைக்கத் தொடங்குகிறது.

• 1992: விதியின் சட்டகத்துக்குள் அடங்காத நல்ல ஒயின்களுக்கு இடம் தரும் ஐ.ஜி.டி. என்னும் பிரிவு.

• இன்று: டி.ஓ.சி.ஜி. 70-க்கு மேல், டி.ஓ.சி. 300-க்கு மேல்.

ரொட்டிக்குத் துணையாக ஒரு குவளை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஒயின் இத்தாலியனுக்குப் போகப் பொருளாக இருக்கவில்லை. ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் போல அன்றாட உணவின் ஓர் அங்கமாகவே இருந்தது. 1960-களிலும் 1970-களின் முற்பகுதியிலும் தலைக்கு ஆண்டொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடித்த ஜனங்களுக்கு வேண்டியிருந்தது மலிவும் மிகுதியுமே.

மத்திய இத்தாலியில் நிலவியது மெஸ்ஸாத்ரியா என்னும் பாதி வார முறை. நிலம் பிரபுவுக்கு, உழைப்பு குடியானவனுக்கு, விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்ற அந்த ஏற்பாட்டில், கோதுமைக்கும் ஒலிவ மரத்துக்கும் இடையே வரப்போரமாகக் கொடி படர்ந்தது. எவ்வளவு குலை தொங்கியதோ அவ்வளவும் குடும்பத்தின் வயிற்றுக்கு ஆதாரம். குலையைக் குறைத்துச் சுவையைக் கூட்டுவது பற்றி எண்ண அங்கே யாருக்கு அவகாசம் இருந்தது? 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தபோது, ஏற்கெனவே நகரங்களை நோக்கி நகரத் தொடங்கியிருந்த குடியானவர்கள் கூட்டங்கூட்டமாக நிலத்தை விட்டார்கள்.

தெற்கின் கதி வேறு. பூலியாவும் சிசிலியும் விளைவித்த கருத்த, காரமான ஒயின், சொந்தப் பெயரோடு மேசைக்கு வராமல், வடக்கிலும் பிரான்ஸிலும் வெளிறிப்போன ஒயின்களுக்கு நிறமும் வீரியமும் சேர்க்கும் கலப்புச் சரக்காகப் பீப்பாய்க் கணக்கில் கப்பலேறியது. எத்னா எரிமலைச் சரிவில் விளைந்த ஒயின், அடிவாரத்து ரிப்போஸ்தோ துறைமுகத்தில் ஏறி, போன இடத்தில் தன் பிறந்த ஊரை மறந்தது.

இந்த நிலையில் சட்டம் வந்து செய்த உபகாரம் விசித்திரமானது. கியாந்தி ஒயினுக்குச் செந்திராட்சையான சாஞ்ஜொவேசேயே பிரதானம் என்று 1872-இல் ஒரு கடிதத்தில் நிர்ணயித்தவர், இத்தாலியின் பிரதம மந்திரியாகவும் இருந்த பெத்தீனோ ரிகாசோலி. மால்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சையை அவர் சேர்க்கச் சொன்னது இளமையிலேயே குடித்துத் தீர்க்கும் ஒயினுக்கு மாத்திரம். நெடுங்காலம் வைத்திருக்கும் ஒயினில் அதைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் அபிப்பிராயம். 1967-இல் எழுதப்பட்ட கியாந்தி விதியோ, நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. மலிவான வெள்ளைத் திராட்சை மிகுதியாக விளைந்தது. அதற்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. விதி அதை ஏற்பாடு செய்தது. பெயரைக் காக்கப் பிறந்த சட்டம் பெயரின் சாரத்தைக் கரைத்தது.

பெயரைத் துறந்தவர்கள்

விதி தாழ்ந்திருக்கும் இடத்தில் உயர விரும்புகிறவனுக்கு விதிமீறலைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. தஸ்கனிக் கடலோரத்துப் பொல்கெரியில், அதுவரை நல்ல ஒயினுக்குப் பேர்போகாத மண்ணில், மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா என்னும் மார்க்கி பிரான்ஸின் கபெர்னே சோவின்யோன் கொடிகளை நட்டுத் தம் வீட்டுக்கென்று ஒயின் செய்துவந்தார். அது சாஸ்ஸிகாயா என்ற பெயரில் 1968-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து விற்பனைக்கு வந்தது. 1978-இல் லண்டனில் டிகேன்டர் பத்திரிகை நடத்திய ஒரு கபெர்னே பரீட்சையில், பல தேசத்து ஒயின்களுக்கிடையே இது முதலிடம் பெற்றது.

ஃபிளாரன்ஸ் நகரத்தின் பழங்குடும்பமான அந்தினோரியைச் சேர்ந்த பியெரோ, நிபுணர் ஜாக்கொமோ தாக்கிஸின் துணையோடு, 1971-ஆம் ஆண்டு விளைச்சலில் மற்றொரு துணிவு செய்தார். கியாந்தி வட்டாரத்திலேயே விளைந்த ஒயினிலிருந்து கியாந்தி என்ற பெயரை நீக்கி, தோட்டத்தின் பெயரான தின்யானெல்லோவை மட்டும் புட்டியில் ஒட்டினார். பின் சில ஆண்டுகளில் வெள்ளைத் திராட்சையை அறவே விலக்கினார். சட்டத்தின் பார்வையில் இவ்விரண்டும் வெறும் ‘மேசை ஒயின்’. அதாவது தெருக்கோடிச் சாப்பாட்டுக் கடையில் கூஜாவில் ஊற்றும் சரக்கின் ஜாதி. தேசத்திலேயே விலையுயர்ந்த ஒயின்கள் தேசத்திலேயே தாழ்ந்த முத்திரையோடு விற்றன. ஓர் அரசாங்கத்துக்கு இதைவிட நாணம் தரும் நிலை வேறென்ன?

சட்டம் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. 1994-இல் பொல்கெரியும் சாஸ்ஸிகாயாவும் உரிய அங்கீகாரம் பெற்றன. கியாந்தி கிளாசிக்கோவில் 2006-ஆம் ஆண்டு விளைச்சல் முதல் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை.

நஞ்சு வந்த வசந்தம்

இந்த முயற்சிகள் எல்லாம் ஒரு சிலருடைய சாகசமாகவே நின்றுபோயிருக்கலாம். 1986 மார்ச் மாதத்தில் நிகழ்ந்த கோரம் அதை நாடு முழுவதன் பிரச்சினையாக்கியது. மலிவான ஒயினின் வீரியத்தைக் குறைந்த செலவில் உயர்த்திக் காட்டச் சில வியாபாரிகள் மெத்தனால் என்னும் விஷச் சாராயத்தைக் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை இழந்தனர். அந்நிய நாடுகள் இத்தாலியச் சரக்கைத் துறைமுகத்தில் தடுத்தன; ஏற்றுமதி சரிந்தது.

குற்றம் செய்தவர் சிலராயினும் தண்டனை எல்லோரையும் சேர்ந்தது. ஆனால் அந்தத் தண்டனையிலிருந்து ஒரு நியாயம் பிறந்தது. விலை மலிவைத் தவிர வேறு சிறப்பில்லாத ஒயினுக்கு இனி எதிர்காலம் இல்லை என்பதை, பர்கண்டி சென்று பார்க்காத குடியானவனும் உணர்ந்தான். 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 700 கோடி லிட்டருக்கும் மேலாக ஒயின் செய்த நாடு, இப்போது சாதாரண ஆண்டுகளில் 500 கோடி லிட்டரை ஒட்டியே செய்கிறது. சந்தையில் விலை இல்லாத கொடிகள் அரசு உதவியோடு பிடுங்கப்பட்டன. மிகுதி குறைந்தது, மதிப்பு கூடியது.

கற்றதும் மறந்ததும்

இத்தாலிய ஒயின் தரத்தில் உயர்ந்தது இருமுறை என்று சொல்வது பொருந்தும். முதல் முறை, பிரான்ஸிடம் கற்றதனால். இரண்டாம் முறை, கற்றவற்றுள் வேண்டாததை மறந்ததனால்.

கற்றது சிறிதன்று. கோடைக்காலத்திலேயே பச்சைக் குலைகளில் பாதியை வெட்டித் தரையில் எறிந்தால் எஞ்சிய குலைகளில் ரசம் செறியும் என்பதை லாங்கேயின் இளைஞர்கள் செய்து காட்டினார்கள்; பசியை அறிந்த முதியவர்களுக்கோ அது தெய்வக் குற்றமாகவே பட்டது. நொதிக்கும் நாட்களைக் குறைத்தார்கள், நிலவறையைக் கழுவினார்கள், பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய்களுக்குப் பதிலாக, பாரிக் எனப்படும் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களை அடுக்கினார்கள். லாங்கேயின் புகழ்பெற்ற ஒயினான பரோலோவின் பெயரால் ‘பரோலோ பையன்கள்’ என்று உலகம் அவர்களைச் செல்லமாக அழைத்தது. அமெரிக்காவில் அவர்களுடைய புட்டிகளுக்கு அடிதடி நடந்தது.

எதிர்க்கட்சியின் நாயகர் பரோலோ ஊர்க்காரரான பார்த்தோலோ மஸ்கரெல்லோ. அவர் பெரிய பீப்பாயையும் பழைய முறையையும் விடமாட்டேன் என்று நின்றவர். பாரிக்கும் வேண்டாம், அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்ற கருத்தைத் தம் கையாலேயே புட்டியின் முத்திரைச் சீட்டில் வரைந்து வைத்தவர். அரசியலும் ஓக் மரமும் ஒரே சீட்டில் இடம்பெற்ற அந்தக் கேலிக்குள் ஆழ்ந்த அச்சம் ஒன்று இருந்தது. புதிய ஓக் மரம் ஒயினுக்கு வனிலா வாசனையையும் வறுத்த காப்பிக்கொட்டையின் சாயலையும் தருகிறது. அந்த வாசனை மிகுந்தால் பரோலோவும் பொல்கெரியும் தேசாந்தரத்து ஒயின்களும் ஒரே முகத்தைப் பூண்டுகொள்ளும். பரோலோவுக்கு ஆதாரமான நெப்பியோலோ திராட்சையின் இயல்பான வெளிர் நிறமும், ரோஜாவும் கீலும் கலந்தாற்போன்ற மணமும், நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் எங்கே போவது?

இன்று லாங்கேயில் நடக்கும்போது அந்தச் சண்டை ஓய்ந்திருப்பதைக் காணலாம். இரு கட்சியாரும் பாதி வழி வந்துவிட்டார்கள். பாரிக்கில் முழுவதையும் வைத்தவர்களில் பலர் பெரிய பீப்பாய்க்குத் திரும்பினார்கள். பெரிய பீப்பாய்க்காரர்களும் சுத்தத்தையும் குலைக் குறைப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். 2010-இல் பரோலோ வட்டாரத்தின் தோட்டப் பகுதிகளும் ஊர்களும் 181 தனிப் பெயர்களாக அதிகாரபூர்வமாக வரையறுக்கப்பட்டன. எந்த மரத்தில் வைத்தாய் என்று கேட்டவர்கள், எந்தச் சரிவில் விளைந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மறுபிறவி எடுத்த கொடிகள்

கேள்வி அப்படி மாறிய பிறகு, ஒதுக்கப்பட்ட கொடிகளுக்கும் காலம் வந்தது. வடகிழக்கில் ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய ஃப்ரியூலியில் ஸ்கியோப்பெத்தினோ என்னும் செந்திராட்சை ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. அதைவிட வேடிக்கை, அங்கீகரித்த பட்டியலில் இல்லாமையால் அதைப் பயிரிடுவதே சட்டவிரோதம். நோனினோ என்னும் சாராய வடிப்புக் குடும்பத்தார் 1975-இல், இத்தகைய உள்ளூர்க் கொடிகளைக் காப்பவர்க்கென்று ‘பொற்கொடித் துளிர்’ என்று பொருள்படும் பரிசு ஒன்றை நிறுவினார்கள். 1978-இல் தடை நீங்கியது.

பியெமோந்தேயின் தொர்தோனா குன்றுகளில் திமொராஸ்ஸோ என்னும் வெள்ளைத் திராட்சையை, விளைச்சல் நிச்சயமில்லாத சண்டிக் கொடி என்று எல்லோரும் கைவிட்டபோது, வால்தர் மாஸ்ஸா என்ற ஒருவர் 1980-களில் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டார். மார்க்கே பிரதேசத்தில் கீதோ கொச்சி கிரிஃபோனி, மலைமேல் உள்ள ஆர்க்குவாத்தா தெல் த்ரொந்தோவில் எஞ்சியிருந்த பழங்கொடிகளிலிருந்து குச்சி எடுத்து, பெகோரினோ என்னும் ரகத்தைத் தம் தோட்டத்தில் உயிர்ப்பித்தார். இன்று பெகோரினோ ஊரூராகப் பரிமாறப்படுகிறது. திமொராஸ்ஸோவை நாடிப் பரோலோவின் பெரிய வீடுகளே தொர்தோனாவில் நிலம் வாங்குகின்றன.

எல்லாவற்றிலும் அதிசயம் எத்னா. 1968-இலேயே டி.ஓ.சி. பெற்றும் சீந்துவாரின்றிக் கிடந்த அந்த எரிமலையில், கருங்கற் படிக்கட்டு வயல்களும், பால்மெந்தோ எனப்படும் கல்லாலான மிதிகூடங்களும் பாழடைந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சையை அழித்த பைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி எரிமலை மணலில் எளிதாகப் பரவ மாட்டாமையால், அமெரிக்க வேர்மேல் ஒட்டுக் கட்டப்படாத நூறாண்டுக் கொடிகள் அங்கங்கே சொந்த வேரிலேயே நின்றன. 2000-ஆம் ஆண்டையொட்டி வெளியூர்க்காரர் சிலரும் உள்ளூர்க் குடும்பங்களும் அவற்றைக் கையிலெடுத்தார்கள். ஆயிரம் மீட்டர் உயரம் வரையில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே, கலப்புச் சரக்காகக் கப்பலேறிய அதே திராட்சைதான், இன்று புட்டியின்மேல் தான் பிறந்த எரிமலைத் துண்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெட்டிச் செய்தி: பிரதேசமும் பிரசித்தியும்

• வெனெத்தோ: வல்போலிசெல்லாவின் குலைகளை மூன்று நான்கு மாதம் காற்றில் உலரவைத்துப் பிழிவது அமரோனே.

• ஆல்தோ அதிஜே: முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து வந்த ஆல்ப்ஸ் சீமை. ஒயினில் பெரும்பங்கைக் கூட்டுறவுச் சங்கங்களே செய்கின்றன. கூட்டுறவு என்றால் தரக்குறைவு என்ற எண்ணத்தை அவை பொய்யாக்கின.

• கம்பானியா: அல்யானிகோ திராட்சையிலிருந்து தௌராசி; வெள்ளையில் ஃபியானோ, கிரெக்கோ.

• பூலியா: பிரிமிதீவோ. கலிபோர்னியாவின் ஜின்ஃபான்டல் இதுவே என்பதை மரபணுச் சோதனை காட்டியது.

• பான்தெல்லெரீயா தீவு: காற்றுக்கு அஞ்சிக் குழிக்குள் குட்டையாக வளர்க்கும் கொடிமுறை, 2014-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

பெட்டிச் செய்தி: யவனர் கொணர்ந்த தேறல்

புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைக் குறிப்பிடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுள் கம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர் கண்டனர்.

வெற்றிக்குக் கொடுக்கும் விலை

வறுமை விட்டுவைத்ததை வளம் விட்டுவைக்குமா என்ற கேள்விக்கு வெனெத்தோவே முதற் சான்று. திரியெஸ்தே நகருக்கருகே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் ப்ரோசெக்கோ. அதே பெயரே நுரைத்தெழும் வெள்ளை ஒயினுக்கும் அதன் திராட்சைக்கும் வழங்கியது. 2009-இல், அந்நியர் இப்பெயரை எடுத்தாளாதபடி திராட்சையின் பெயரை க்லேரா என்று மாற்றி, ப்ரோசெக்கோ என்பதை ஒன்பது மாகாணங்களுக்குரிய இடப்பெயராகச் சட்டம் ஆக்கியது. இன்று ஆண்டுக்கு 60 கோடிப் புட்டிகளுக்கு மேல் வெளியேறுகின்றன. கொனெல்யானோ, வல்தொப்பியாதேனே குன்றுகள் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஆயினும் சமவெளியில் சோளமும் பிற கொடிகளும் இருந்த இடமெல்லாம் ஒரே கொடி பரவும்போது, பெயர் வாழ்ந்து பன்மை தேய்கிறது என்று கவலைப்படுகிறவர்களை மறுப்பது எளிதன்று.

இரண்டாவது விலை நிலத்தின் விலை. பத்து லட்சம் யூரோ பெறும் ஹெக்டேரைப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்ளும்போது, ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுத்துத் தோட்டத்தைக் காப்பது ஒயின் விற்ற காசினால் ஆகிற காரியமன்று. வெளிநாட்டுச் செல்வந்தர் வந்து வாங்குகிறார்கள். பர்கண்டியின் செழிப்பை விரும்பியவர்களுக்குப் பர்கண்டியின் சங்கடமும் கூடவே வந்து சேர்ந்தது.

மூன்றாவது, வானம். வெப்பம் கூடியதால் நெப்பியோலோ முன்போலப் பத்தாண்டில் சில ஆண்டுகள் மட்டும் என்றில்லாமல் பெரும்பாலும் நன்கு பழுக்கிறது. தரம் உயர்ந்ததில் சூரியனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே சூரியன் ஒயினின் சாராய வீரியத்தை ஏற்றுகிறான், புளிப்பைக் குறைக்கிறான். ஒருகாலத்தில் குளிர்ச்சிக்கு அஞ்சி ஒதுக்கிய வடக்குச் சரிவுகளையும் உயர்ந்த மேடுகளையும் இன்று தேடிப் போகிறார்கள். 2023-இல் ஓயாத வசந்த மழையும் அடிச்சாம்பல் நோயும் சேர்ந்து தாக்க, நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 380 கோடி லிட்டராக, பல பத்தாண்டுகளில் கண்டிராத அளவுக்குச் சரிந்தது.

நான்காவது மாற்றம் ஓசையின்றி நடந்தது. நூறு லிட்டர் குடித்த இத்தாலியன் இன்று ஆண்டுக்கு நாற்பது லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கிறான். மதுவைக் குறைப்பது தேகத்துக்கு நல்லதே. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் உழைத்த களைப்புக்கு ரொட்டியோடு அருந்திய குவளை, விசேஷ நாளில் கணக்குப் பார்த்துத் திறக்கும் புட்டியாகிவிட்டது. தன் வீட்டுக்காக விளைவித்த நாடு, நியூயார்க்கிலும் முனிச்சிலும் உள்ள மேசைகளுக்காக விளைவிக்கிறது. எந்தக் கொடி வாழவேண்டும் என்ற தீர்ப்பில் அந்நியருடைய நாவுக்கும் இப்போது இடம் உண்டு.

மீண்டும் அந்த நிலவறை

லா மோர்ராவில் அறுபட்ட பீப்பாய்களின் கதையை இப்போது மறுபடி நினைத்துப் பார்த்தால், தகப்பனார், மகன் இருவரில் எவரையும் முழுக்கக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. கழுவாத பழம் பீப்பாய் ஒயினைக் கெடுத்தது என்று மகன் கண்டது மெய். அதைக் கழுவினாலும் திருத்தினாலும் போதும் என்பதைக் காண லாங்கேக்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது. பெரிய பீப்பாய் இன்று அக்குன்றுகளின் நிலவறைகளுக்குத் திரும்ப வந்துவிட்டது. புதுப் பலகையால் கட்டி, வருஷா வருஷம் கழுவித் துடைத்து, ஒரே ஒரு சரிவில் விளைந்த ஒயினை மட்டும் ஊற்றி, எந்தச் சரிவு என்பதைச் சுண்ணக்கட்டியால் அதன் முகப்பில் எழுதி வைக்கிறார்கள்.